கோழிக்குஞ்சும் ரத்தக் கத்தியும்: நார்வேயின் ஈஸ்டர் கிரைம் நாவல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பாதி தாண்டிவிட்டால் ஓஸ்லோ புத்தகக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விநோதமான ஜோடி வந்து உட்கார்ந்துவிடும். ஒரு பக்கம் மஞ்சள் பஞ்சில் செய்த கோழிக்குஞ்சு பொம்மைகள், அதற்குப் பக்கத்திலேயே அட்டையில் ரத்தம் சொட்டும் நாவல்கள். முதல் வருடம் இதைப் படம் எடுத்து ஊரில் இருக்கும் நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினேன். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

ஈஸ்டருக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம்?

நார்வேஜிய மொழியில் இதற்கு ஒரே சொல்தான்: போஸ்கெக்ரிம். போஸ்கெ என்றால் ஈஸ்டர், க்ரிம் என்றால் குற்றக் கதை. ஈஸ்டர் விடுமுறையில் துப்பறியும் நாவல் படிப்பது இந்த நாட்டில் ஒரு வழக்கம், கிட்டத்தட்ட சடங்கு. தீபாவளி வந்தால் நம்மூரில் தீபாவளி மலர் வாங்குகிறோம் அல்லவா, அந்த மாதிரி. மலரில் சிறுகதை, கவிதை, கோயில் கட்டுரை எல்லாம் கலந்திருக்கும். இங்கே கொலை மட்டும்தான்.

ஈஸ்டர் ஒவ்வொரு வருடமும் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் வரும். நாள்காட்டிப்படி வசந்த காலம். ஆனால் நார்வேயின் மலைகளில் அப்போது இடுப்பளவு பனி கிடக்கும். வெயில் இருக்கும், குளிரும் இருக்கும். ‘வசந்த கால வாசிப்பு’ என்றதும் பூக்கள் நடுவே பெஞ்சில் உட்கார்ந்து படிப்பதுபோல மனதில் படம் வந்தால் அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள்.

யார் ஆரம்பித்து வைத்தது?

இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல ஆசை. ஏனென்றால் இதுவே ஒரு நல்ல கதை.

1923. ஓஸ்லோவின் பெயர் அப்போது கிறிஸ்டியானியா. நூர்டால் கிரீக், நில்ஸ் லீ என்று இரண்டு மாணவர்கள், இருவருக்கும் இருபதை ஒட்டிய வயது. சேர்ந்து ஒரு நாவல் எழுதினார்கள். ஓஸ்லோவிலிருந்து மேற்குக் கரையில் இருக்கும் பேர்கன் நகருக்கு மலைகளைக் கடந்து போகும் ரயிலை ஈஸ்டர் சமயத்தில் கொள்ளையடிக்கும் கதை. சொந்தப் பெயரைப் போடாமல் யோனாத்தான் யெர்வ் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். யெர்வ் என்பது வடக்கு மலைகளில் திரியும், நீர்நாய் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முரட்டு விலங்கு.

நூர்டாலின் அண்ணன் ஹரால்ட் கிரீக், அந்த நாவலை வெளியிட்ட கில்டெண்டால் பதிப்பகத்தில் முக்கியப் பொறுப்பில் இருந்தார். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, மார்ச் 24 அன்று, ஆஃப்டன்போஸ்டன் நாளிதழின் முதல் பக்கத்தில் நாவலின் தலைப்பைப் பெரிய எழுத்தில் விளம்பரமாகப் போட்டார்கள். தலைப்பு என்ன தெரியுமா? ‘நேற்றிரவு பேர்கன் ரயில் கொள்ளையடிக்கப்பட்டது!’ அது புத்தக விளம்பரம் என்ற தகவல் பக்கத்தில் பொடி எழுத்தில்தான் இருந்தது.

அந்த நாளை யோசித்துப் பாருங்கள். விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை. பாதி நகரம் அதே ரயிலில் மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் காலையில் பேப்பரைப் பிரிக்கிறார்கள். பலர் அதை நிஜச் செய்தி என்றே நம்பி, ரயிலில் போன சொந்தக்காரர்களை நினைத்துப் பதறி விசாரிக்க ஆரம்பித்தார்கள் என்று சொல்கிறார்கள். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. அடுத்தடுத்த வருடங்களில் மற்ற பதிப்பகங்களும் ஈஸ்டரைக் குறிவைத்துக் குற்றக் கதைகளை இறக்கின. 1928-ல் இந்த நாவல் படமாகவும் வந்தது.

நூர்டால் கிரீக் பிறகு நார்வேயின் பெரிய கவிஞர்களில் ஒருவரானார். இரண்டாம் உலகப் போரில் நிருபராக ஒரு குண்டுவீச்சு விமானத்தில் ஏறிப் போனவர், 1943 டிசம்பரில் பெர்லின் மீது அந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதில் இறந்துபோனார். நில்ஸ் லீ மொழிபெயர்ப்பாளராகப் பெயர் எடுத்தார். கைச்செலவுக்கு எழுதிய ரயில் கதையிலிருந்து ஒரு நாடே ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று இருவருமே நினைத்திருக்க மாட்டார்கள்.

விளம்பரத் தந்திரம் சரி, நூறு வருடம் தாண்டியும் எப்படி நிலைத்தது?

கிறிஸ்துவின் மரணம், குளிர்காலத்தின் சாவு, வசந்தத்தின் பிறப்பு என்று சிலர் தத்துவமாக விளக்குவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என் கணிப்பில் காரணம் எளிது: செய்வதற்கு வேறு வேலை இல்லை.

பெரிய வியாழன், புனித வெள்ளி, ஈஸ்டர் ஞாயிறு, மறுநாள் திங்கள் என்று நான்கு அரசு விடுமுறைகள். பள்ளிக்கூடம் வாரம் முழுக்க மூடியிருக்கும். கடைகளும் பெரும்பாலும் மூடல். இடையில் சனிக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் திறப்பார்கள். நம் டாஸ்மாக் போல இங்கேயும் மது விற்பது அரசுதான், அந்தக் கடையும் விடுமுறை நாட்களில் மூடல். நாளிதழ்களும் அந்த நாட்களில் வராமல் இருப்பதுதான் பழைய வழக்கம்.

ஊரைக் காலி செய்துவிட்டு ஜனங்கள் ஹித்தாவுக்குப் போய்விடுவார்கள். ஹித்தா என்றால் மலையிலோ கடலோரத்திலோ இருக்கும் மரவீடு. ஐம்பத்தைந்து லட்சம் பேர் இருக்கிற நாட்டில் இப்படி நாலு லட்சத்துக்கு மேல் வீடுகள். புதிதாகக் கட்டியவற்றில் எல்லா வசதியும் உண்டு. பழைய பாணி வீட்டில் மின்சாரம் இருக்காது, கழிவறை வெளியே பனிக்குள் இருக்கும், தண்ணீருக்கு உறைந்த ஓடையை உடைக்க வேண்டும். பகலில் பனிச்சறுக்கு. மதியம் வீட்டின் தெற்குச் சுவரில் சாய்ந்து, கால்மேல் கம்பளி போர்த்தி, முகத்தை வெயிலுக்குக் கொடுத்து உட்கார்வார்கள். அந்தச் சுவருக்கே ‘வெயில் சுவர்’ என்று பெயர். ஒரு கையில் ஆரஞ்சு, இன்னொரு கையில் க்விக் லுன்ஷ் சாக்லேட், மடியில் ஒரு பிணம். நாவலில்தான்.

சாக்லேட் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. க்விக் லுன்ஷ் உறையின் உட்புறத்தில் மலைக்குப் போகிறவர்களுக்கான பாதுகாப்பு விதிகள் அச்சிட்டிருக்கும். புயல் வந்தால் சரியான நேரத்தில் திரும்பு, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்பது அவற்றில் ஒன்று. முதல்முறை அதைப் படித்தபோது, கொலை நாவலைவிட இதுதான் பயமாக இருக்கிறதே என்று தோன்றியது.

பால் பாக்கெட்டில்கூடக் கொலைக்கதை வருமாமே?

வரும். டீனே என்ற பால் கூட்டுறவு நிறுவனம் ஈஸ்டர் சமயத்தில் அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் சின்னச் சின்னத் துப்பறியும் படக்கதைகளை அச்சிடுகிற வழக்கம் பல வருடங்களாக உண்டு. காலையில் ரொட்டிக்கு முன்னால் பெட்டியை வைத்தால், பிள்ளைகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குற்றவாளி யார் என்று சண்டை போடுவார்கள். பால் தீர்வதற்குள் விடை கண்டுபிடித்தாக வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம்.

அப்புறம் தொலைக்காட்சி. அரசு ஒலிபரப்பான என்ஆர்கே இந்த வாரத்தில் துப்பறியும் தொடர்களைப் போடும். வேடிக்கை என்னவென்றால் அவற்றில் பல இங்கிலாந்துத் தொடர்கள். கிராமத்துப் பாதிரியார், தோட்டத்தில் விஷம், இத்யாதி. வானொலி நாடகமும் உண்டு.

இந்த வசந்தத்தில் வந்திருக்கும் புது நாவல்களில் எதை வாங்குவது?

அதிகம் வரும் கேள்வி இது. என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை: புதுசு என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

இங்கே பதிப்பகங்கள் குளிர்காலக் கடைசியிலும் மார்ச்சிலும் குற்ற நாவல்களைக் கொட்டித் தீர்க்கும். மார்ச்சில் ஓஸ்லோவில் அதற்கென்றே ஒரு கிரைம் விழா, எழுத்தாளர் சந்திப்பு, கையெழுத்து வரிசை எல்லாம் நடக்கும். புதுக் கெட்டி அட்டை நாவல் நானூறு குரோனர் பக்கம் வரும். பெரிய தொடர் எழுத்தாளர் என்றால் ஈஸ்டர் தேதிக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி, சில நாவல்களின் கடைசி ஐம்பது பக்கத்தில் அப்பட்டமாகத் தெரியும். முடிச்சை அவிழ்க்க நேரமில்லாமல் அறுத்திருப்பார்கள்.

மொழிபெயர்ப்பில் படிக்கும் நமக்கு இன்னொரு விஷயம். நார்வேயில் இந்த ஈஸ்டருக்கு வந்த நாவல் ஆங்கிலத்துக்கு வர ஒன்றிரண்டு வருடம் பிடிக்கலாம். ஆகவே நம் கைக்கு வரும் ‘புதுசு’ எப்படியும் இங்கே பழசு. அந்தத் தாமதத்தை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஒரு நாவல் தாக்குப்பிடிக்கிறதா இல்லையா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

தேர்வுக்கு ஒரு குறுக்குவழி வேண்டுமென்றால் இரண்டு விருதுகளைக் கவனியுங்கள். 1972 முதல் கொடுக்கப்படும் ரிவர்டன் விருது ஒன்று. வருடத்தின் சிறந்த நார்வேஜியக் குற்றப் படைப்புக்குத் தங்க நிறக் கைத்துப்பாக்கி ஒன்றைப் பரிசாகத் தருவார்கள். இன்னொன்று 1992-ல் தொடங்கிய கண்ணாடிச் சாவி, இது வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஒரே நாவல் இரண்டையும் வாங்கியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

நார்வேயில் மலிவு அட்டைப் பதிப்புக்குப் பெயர் ‘பாக்கெட்’. நம் ரயில் நிலையக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய பாக்கெட் நாவல் ஞாபகம் வந்து, முதல்முறை அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஹித்தாவுக்குப் போகும் பையில் இருப்பது பெரும்பாலும் பாக்கெட்தான்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள், எதிலிருந்து தொடங்குவது?

ஆன்னெ ஹோல்ட் எழுதிய ‘1222’. நார்வேயில் 2007-ல் வந்தது.

தலைப்பில் இருக்கும் எண், பேர்கன் ரயில் பாதையில் உள்ள ஃபின்சே நிலையத்தின் உயரம்: கடல் மட்டத்திலிருந்து 1222 மீட்டர். நார்வே ரயில்வேயில் இதைவிட உயரத்தில் நிலையம் கிடையாது. ஊருக்குப் பொதுச் சாலையும் இல்லை, ரயில்தான். நான் ஒருமுறை அங்கே இறங்கியிருக்கிறேன். நடைமேடையில் பனி கண்ணாடித்தூள் மாதிரி பக்கவாட்டில் பறந்து வந்தது. இருபதடி தள்ளி நின்ற விடுதிக் கட்டடத்தின் விளக்கு தெரிந்தது, கட்டடம் தெரியவில்லை. ரயில் கிளம்பிப் போன பிறகு வந்த அமைதி காதை அடைத்தது.

நாவலில் பனிப்புயலில் ரயில் தடம்புரள்கிறது. பயணிகள் எல்லோரும் ஃபின்சே விடுதியில் தஞ்சம் அடைகிறார்கள். புயல் நிற்கவில்லை, யாரும் வெளியே போக முடியாது, உள்ளே வரவும் முடியாது. முதல் இரவு முடிவதற்குள் ஒரு பாதிரியார் கொல்லப்படுகிறார். விசாரிப்பது ஹன்னெ வில்ஹெல்ம்சன். முன்னாள் போலீஸ் அதிகாரி, சக்கர நாற்காலியில் இருப்பவர், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர். எனக்குத் தெரிந்து துப்பறியும் நாயகிகளில் இவ்வளவு சிடுசிடுப்பான ஆள் வேறு இல்லை. இருபது பக்கத்தில் அந்தச் சிடுசிடுப்பே பிடித்துவிடும்.

இதை எழுதிய ஹோல்ட் 1990-களில் கொஞ்ச காலம் நார்வேயின் நீதித்துறை அமைச்சராக இருந்தவர். 1923-ல் கொள்ளை போனதாகச் சொல்லப்பட்ட அதே ரயில் பாதையை 84 வருடம் கழித்து இவர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் கூடுதல் ருசி. ஹன்னெ தொடரில் இது எட்டாவது நாவல், ஆனால் தனியாகப் படிக்கலாம். சக்கர நாற்காலிக்கு ஹன்னெ எப்படி வந்தார் என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிடும். பரவாயில்லை.

நெஸ்போவை எந்த வரிசையில் படிப்பது? தலை சுற்றுகிறது.

முதலில் இந்த எழுத்தாளரின் பெயர். நாம் ஜோ என்கிறோம், இங்கே யூ நெஸ்போ. அவருடைய நாயகன் ஹாரியின் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் படித்தால் ‘ஓட்டை’ என்று பொருள் வரும். நார்வேஜியத்தில் அது ஹூலெ.

தலைசுற்றலுக்குக் காரணம் உங்கள் மண்டை அல்ல, ஆங்கிலப் பதிப்பு. நார்வேயில் ஹாரி ஹூலெயின் முதல் நாவல் 1997-ல் வந்தது. ஆங்கிலத்திலோ முதலில் வந்தது ஐந்தாவது நாவலான ‘தி டெவில்ஸ் ஸ்டார்’, 2005-ல். அடுத்த வருடம் மூன்றாவது. அதற்கப்புறம் நான்காவது. முதல் நாவல் ‘தி பேட்’ ஆங்கில வாசகர் கைக்கு வந்தது 2012-ல்தான்!

இதில் மாட்டிக்கொள்வது எங்கே என்றால், மூன்று, நான்கு, ஐந்து என்று வரும் ‘தி ரெட்பிரெஸ்ட்’, ‘நெமிசிஸ்’, ‘தி டெவில்ஸ் ஸ்டார்’ மூன்றுக்கும் அடியில் ஒரே இழை ஓடுகிறது. முதல் புத்தகத்தில் நடக்கும் ஒரு கொலைக்கு மூன்றாவதில்தான் கணக்குத் தீர்கிறது. நான் ஊர் நூலகத்தில் கிடைத்தது என்று ‘தி டெவில்ஸ் ஸ்டார்’ நாவலை முதலில் படித்துத் தொலைத்தேன். பிறகு ‘தி ரெட்பிரெஸ்ட்’ படிக்கும்போது அந்தக் கொலைக்குக் காரணமான ஆள் அறைக்குள் வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு மட்டும் விஷயம் தெரியும். பாவம் ஹாரி.

ஆகவே ‘தி ரெட்பிரெஸ்ட்’ நாவலில் தொடங்கி வரிசையாக மூன்றையும் படியுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பக்கம் சேர்ந்து கிழக்கு முனையில் போரிட்ட நார்வேஜியர்கள் பற்றிய கதை உள்ளே வரும். நார்வேக்கு இன்றும் வலிக்கிற இடம் அது. முதல் இரண்டு நாவல்களும் ஆஸ்திரேலியாவிலும் தாய்லாந்திலும் நடப்பவை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். 2007-ல் வந்த ‘தி ஸ்னோமேன்’ தான் பலருக்கு முதல் அறிமுகம். விறுவிறுப்பு உண்டு, கோரமும் உண்டு. சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம்.

இந்தியாவோடு தொடர்புள்ள ஏதாவது?

உண்டு, அதுவும் என் மனதை விட்டு அகலாத ஒன்று. காரின் ஃபொசும் 2000-ல் எழுதியது. நார்வேஜியத் தலைப்பின் பொருள் ‘அன்புள்ள பூனா’. ஆங்கிலத்தில் இங்கிலாந்துப் பதிப்புக்கு ‘காலிங் அவுட் ஃபார் யூ’, அமெரிக்கப் பதிப்புக்கு ‘தி இந்தியன் பிரைட்’ என்று இரண்டு பெயர். ஒரே நாவல்தான், இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.

குண்டர் என்ற நடுவயதுக்காரர் கிராமத்தில் விவசாய இயந்திரங்கள் விற்கிறவர். கல்யாணம் ஆகாதவர், சாது. மும்பைக்குப் போகிறார், பூனா என்ற பெண்ணைச் சந்திக்கிறார், மணக்கிறார். அவர் முன்னால் திரும்பி வந்து வீட்டைத் தயார் செய்கிறார். அவள் விமானத்தில் வந்து இறங்கும் நாளில் அவருடைய தங்கை கார் விபத்தில் சிக்குகிறார். குண்டர் மருத்துவமனையில் உட்கார்ந்திருக்க, விமான நிலையத்துக்கு ஒரு டாக்சி ஓட்டுநரை அனுப்புகிறார். ஓட்டுநர் அவளைக் காணாமல் திரும்புகிறார். மறுநாள் ஊருக்கு வெளியே புல்வெளியில் ஒரு பெண்ணின் உடல்.

இதில் துரத்தல் இல்லை, துப்பாக்கிச் சண்டை இல்லை. இன்ஸ்பெக்டர் சேயர் பொறுமையாக வீடு வீடாகப் பேசுகிறார். எல்லோரும் நல்லவர்கள், எல்லோருக்கும் எதையோ பார்த்த ஞாபகம் இருக்கிறது, எவருக்கும் உறுதியாகச் சொல்ல வாய் வரவில்லை. வெளியூரிலிருந்து ஒரு பெட்டியோடு தனியாக வந்து இறங்கியவர்கள் யாராக இருந்தாலும், ஆள் வராத அந்த விமான நிலையக் காட்சியைச் சும்மா கடந்துபோக முடியாது. நான் வந்த அன்று என்னை அழைத்துப்போக வேண்டியவர் நாற்பது நிமிடம் தாமதம், அவ்வளவுதான். அந்த நாற்பது நிமிடம் இந்தப் புத்தகத்தைப் படித்தபோது திரும்பி வந்தது.

முடிவு பற்றி ஒரு எச்சரிக்கை: எல்லாம் பளிச்சென்று தீர வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

ரத்தம் ஆகாது, மூளைக்கு வேலை மட்டும் போதும் என்றால்?

ஹான்ஸ் ஓலாவ் லாலும் எழுதிய ‘தி ஹியூமன் ஃபிளைஸ்’. 1968 ஏப்ரல், ஓஸ்லோ. போர்க்கால எதிர்ப்பு இயக்க வீரர் ஒருவர் பூட்டிய வீட்டுக்குள் சுடப்பட்டுக் கிடக்கிறார். அதே கட்டடத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் சந்தேகத்துக்குரியவர். செல்போன் இல்லை, கேமரா இல்லை, டிஎன்ஏ இல்லை. இளம் இன்ஸ்பெக்டர் ஓடியாடித் தகவல் சேகரிக்க, பட்ரீசியா என்ற இளம்பெண் வீட்டில் இருந்தபடியே யோசித்து விடை காண்கிறாள். லாலும் வரலாற்று ஆய்வாளர், சதுரங்க ஆர்வலர். இரண்டும் எழுத்தில் தெரியும், சில இடங்களில் அளவுக்கு மீறியே தெரியும்.

இன்னொருவர் யோர்ன் லியர் ஹோர்ஸ்ட். லார்விக் என்ற கடலோர ஊரில் நிஜமாகவே போலீஸ் அதிகாரியாக இருந்தவர். அதனால் இவருடைய நாயகன் வில்லியம் விஸ்டிங் குடிகாரரோ மேதையோ கிடையாது. வேலைக்குப் போகிறார், கோப்பு படிக்கிறார், மகளை நினைத்துக் கவலைப்படுகிறார். ‘கிளோஸ்ட் ஃபார் விண்டர்’ நாவலில் குளிர்காலத்துக்காகப் பூட்டிவைத்த விடுமுறை வீடுகளில் திருட்டு, அதில் ஒரு வீட்டுக்குள் பிணம். ஹித்தாவில் இருந்துகொண்டு படிக்கவே கூடாதது. அதற்கு அடுத்ததான ‘தி ஹண்டிங் டாக்ஸ்’ தான் ரிவர்டன், கண்ணாடிச் சாவி இரண்டையும் வென்றது. பழைய வழக்கு ஒன்றில் சாட்சியத்தை யாரோ ஜோடித்திருக்கிறார்கள் என்று விஸ்டிங் மீதே பழி விழுகிறது.

தனியார் துப்பறிவாளர் யாரும் இல்லையா? எல்லோரும் போலீஸாகவே இருக்கிறார்களே.

பேர்கனில் ஒருவர் இருக்கிறார், சிலையாகவே. குன்னர் ஸ்டோலெசன் 1977-லிருந்து எழுதிவரும் வார்க் வேயும். குழந்தைகள் நலத்துறையில் வேலை பார்த்து விலகியவர். பெயரே ஒரு சிலேடை. பழைய நார்ஸ் மொழியில் புனித இடத்தில் புகுந்த ஓநாய், அதாவது ஊர்விலக்குச் செய்யப்பட்டவன் என்று பொருள் தரும் தொடரிலிருந்து வந்தது. துறைமுகத்தை ஒட்டிய தெருவில், அவர் அலுவலகம் இருப்பதாகக் கதையில் வரும் இடத்தில், சுவரில் சாய்ந்தபடி ஒரு வெண்கல ஆள் நிற்கிறார். பேர்கனில் எப்போதும் மழை. சிலை நனைந்துகொண்டேதான் இருக்கும், கதையிலும் அப்படித்தான்.

பிள்ளைகளுக்கு?

மேலே சொன்ன ஹோர்ஸ்டே சிறுவர்களுக்கும் துப்பறியும் தொடர்கள் எழுதியிருக்கிறார். நார்வேஜியம் கற்கும் பெரியவர்களுக்கும் அவை நல்ல பாடப்புத்தகம். நான் ‘சந்தேக நபர்’, ‘தடயம்’, ‘பொய் சாட்சி’ போன்ற சொற்களை மளிகைக் கடைச் சொற்களுக்கு முன்பே கற்றது இப்படித்தான்.

இதெல்லாம் நெஸ்போ காலத்துக்குப் பிறகு வந்த மோகம்தானே?

இல்லை. துப்பறியும் கதைக்கு எட்கர் ஆலன் போவின் 1841 கதையை ஆரம்பமாகச் சொல்வார்கள். அதற்கு முன்பே மவுரிட்ஸ் ஹான்சன் என்ற நார்வேஜியர் இயந்திரம் செய்பவர் ஒருவரின் கொலையைப் பற்றிக் குறுநாவல் எழுதிவிட்டார்.

அதைவிடச் சுவையானது ஸ்டெய்ன் ரிவர்டன் விவகாரம். விருதுக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான். ஸ்வென் எல்வெஸ்டாட் என்ற பத்திரிகையாளரின் புனைபெயர் அது. 1909-ல் ‘இரும்பு வண்டி’ என்று ஒரு நாவல் எழுதினார். அதன் முடிவில் ஒரு தந்திரம் உண்டு. பதினேழு வருடம் கழித்து அதே மாதிரித் தந்திரத்தை இங்கிலாந்தில் ஒருவர் செய்து உலகப்புகழ் பெற்றார். என்ன தந்திரம், எந்த நாவல் என்று சொன்னால் இரண்டு புத்தகமும் ஒரே அடியில் கெட்டுவிடும் என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள், அப்போதும் சொல்ல மாட்டேன்.

பழைய புத்தகமாக வாங்கலாமா?

தாராளமாக. உண்மையான போஸ்கெக்ரிம் பழைய புத்தகம்தான் என்பேன். ஒவ்வொரு ஹித்தாவிலும் ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகையில் முப்பது நாற்பது பாக்கெட் நாவல்கள் இருக்கும். ஈரத்தில் ஊதி, வெயிலில் காய்ந்து, முதுகு வெளுத்து. யாரும் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. புகை வாசனையும் ஆரஞ்சுத் தோல் கறையும் சேர்ந்தே வரும்.

ஒரே ஒரு ஆபத்து உண்டு. மூன்று வருடம் முன்னால் அலுவலக நண்பர் ஒருவர் குடும்பத்தின் ஹித்தாவில் நான்கு நாள் தங்கினோம். இரண்டாம் நாளே புயல், வெளியே போக வழியில்லை. பலகையிலிருந்து ஒரு நாவலை எடுத்தேன். முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பாத்திரத்தின் பெயருக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் ‘இவர்தான்’ என்று எழுதியிருந்தது! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நண்பரின் அம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “இது என் மாமனார் கையெழுத்து” என்றார். “எல்லாப் புத்தகத்திலும் இப்படித்தான் எழுதி வைப்பார்.”

வேறு புத்தகம் எடுத்தேன். நாற்பத்தைந்தாம் பக்கத்தில் அதே பென்சில். சரி, விதி என்று முதல் நாவலையே தொடர்ந்து படித்தேன். கொலைகாரர் யார் என்று தெரிந்தே படிக்கிறோம் என்ற சலிப்போடு முன்னூறு பக்கம் போனேன். கடைசியில் பார்த்தால் அந்த ஆள் கொலைகாரரே இல்லை. ராத்திரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவதையும் முடித்தேன். அதிலும் தாத்தா தப்பு.

கிளம்பும் நாள் காலையில் மூன்றாவதாக ஒரு நாவலை எடுத்துப் புரட்டினேன். முப்பதாம் பக்கத்தில் ஒரு பெயருக்கு அடியில் கோடு. ஜன்னலோரம் கிடந்த பென்சிலை எடுத்து, அதே பக்கத்தில் இன்னொரு பெயருக்கு அடியிலும் கோடு போட்டு, ‘இல்லை, இவர்’ என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன். அந்த நாவலை நான் இன்னும் படிக்கவில்லை.